சங்கிலி நீளம் மட்டும்

1996 ஜனவரி 8, திங்கள்

தோல் பதனிடுகிற டேனரிகளுக்கு மருந்து விற்கிற கம்பெனிக்காரன் புது டைரி கொடுத்தான். அட்டை ரெக்சின். ஆம்பூரில் தோல் வேலை செய்கிறவளுக்கு ரெக்சின் அட்டை போட்ட டைரி கொடுக்க என்ன நெஞ்சழுத்தம் வேண்டும்! வாங்கிக்கொண்டேன்.

இன்று ஒரு ஆள் வந்தான். ஐசக் கிளாட்சன் என்று பேர். நாகர்கோவில்காரன். கப்பலில் எஞ்சின் வேலை பார்த்துவிட்டு இப்போது ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ துறைமுகத்தில் இருக்கிறானாம். சொந்தக்காரக் கல்யாணத்துக்கு ஆம்பூர் வந்தவன், பள்ளிக்கூட பேண்டுக்கு நாங்கள் செய்து கொடுத்த டிரம் வார்களைப் பார்த்துவிட்டு விலாசம் விசாரித்து வந்திருக்கிறான். வயது நாற்பத்து நாலு. பெண்டாட்டி செத்து ஆறு வருஷம். இதெல்லாம் நான் கேட்காமலே சொன்னான்.

அவனுக்கு வேண்டியது ஒரு ஸ்போரன். அவன் வாசிக்கிற அந்த ஊர் பேண்டில் ஆம்பளைகள் முழங்கால் வரைக்கும் கட்டம் போட்ட பாவாடை கட்டிக்கொண்டு வாசிப்பார்களாம். பாவாடையில் ஜேபி இல்லை. அதனால் இடுப்பில் சங்கிலி மாட்டி முன்னால் ஒரு தோல் பையைத் தொங்க விடுவார்கள். அந்தப் பைக்குத்தான் ஸ்போரன் என்று பேர்.

"எந்த எடத்துல தொங்கும்?" என்று கேட்டேன். கையை வைத்துக் காட்டினான். எப்சிபா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாள் ஆகிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

எப்சிபா என் தங்கை. முப்பத்தாறு. அம்மா அவளைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடியபோது எனக்குப் பதினேழு. இடுப்பில் பச்சைக் குழந்தையோடு நிற்கிற பெண்ணை எவன் வந்து பார்ப்பான்? ஒருத்தனும் வரவில்லை. அதை நான் அவளிடம் வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் சொல்வதில்லை.

ஜனவரி 9, செவ்வாய்

ஆவாரம்பட்டையில் பதனிட்ட மாட்டுத் தோல் ஒன்று எடுத்தேன். முதுகுப் பக்கம், தழும்பு இல்லாதது. மூடியின் மேல் ஒரு பனைமரம் செதுக்க வேண்டும் என்கிறான் கிளாட்சன். வெள்ளைக்காரன்கள் முட்செடிப் பூவும் மான்கொம்பும் போட்டுக்கொள்வார்களாம், இவனுக்குப் பனைமரம். கீழே மூன்று குஞ்சம், வெள்ளாட்டு முடியில்.

அட்டையில் வரைந்து வெட்டியது நான். எட்டு வருஷத்துக்கு முன்னால் தோல் சீவுகிற மெஷினில் என் வலது கட்டை விரல் பாதி போனதிலிருந்து ஊசி பிடிப்பது மட்டும் முடியாது. தையல் எப்சிபா. முத்திரை 'சுகிர்தா தோல் வேலை'. கடை என்னுடையது, அதனால் பேரும் என்னுடையது.

ஜனவரி 11, வியாழன்

கிளாட்சன் மறுபடியும் வந்தான். அளவு சரிபார்க்கவாம். அளவு சரிபார்க்க இரண்டு மணி நேரமா?

எப்சிபா முழங்கால்களுக்கு நடுவில் தோலைக் கவ்விப் பிடிக்கிற மரக் கிட்டியை இடுக்கிக்கொண்டு இரட்டை ஊசித் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி. ஒரே துளையில் இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று, அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று. மெஷின் தையலில் ஒரு இடத்தில் நூல் அறுந்தால் எல்லாம் பிரிந்துகொண்டு வரும், இது பிரியாது. இவன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எஞ்சின்ல வால்வு அடிக்கது மாதிரி இருக்கு ஒங்க கை. ஒரு அடி பிசகல்ல, கேட்டியளா?" என்றான்.

"அது பழக்கம்ங்க" என்றாள் இவள். காது வரைக்கும் சிவந்துவிட்டது. முப்பத்தாறு வயதில் வெட்கம்!

காப்பி போடச் சொல்லி உள்ளே அனுப்பினேன். ஏலக்காய் தட்டிப் போட்டுக் கொண்டு வந்தாள். எனக்கு என்றைக்காவது ஏலக்காய் போட்டிருக்கிறாளா?

ஜனவரி 13, சனி

இன்றைக்கு ராத்திரி ரயிலில் அவன் கிளம்புகிறான். விடைபெற வந்தான். நான் தோல் அடுக்குக்குப் பின்னால் இருந்தேன். இரண்டு பேரும் கவனிக்கவில்லை. ஒட்டுக் கேட்டேன் என்று எழுதமாட்டேன், என் கடையில் நான் நின்றேன்.

"ஒளிச்சு மறைச்சுப் பேசத் தெரியாது எனக்கு. எனக்கு ஒங்களப் புடிச்சிருக்கு. ஊர் போய்ச் சேந்ததும் ஒங்க அக்காவுக்கு முறையா எழுதிக் கேக்கேன். ஆனா பதில் நீங்கதான் சொல்லணும். அக்கா இல்ல."

எப்சிபா கையிலிருந்த நூலை மெழுகில் இழுத்தாள். பிறகு, "எழுதுங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அவன் போன பிறகு காலி முக்காலியைத் துடைத்து ஓரமாக வைத்தாள். துடைக்க அதில் என்ன இருந்தது?

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். கடை லீவு. எப்சிபா லீவு நாளில்கூட உட்கார்ந்து பனைமரம் செதுக்கினாள். பன்னிரண்டு ஓலை. எண்ணினேன்.

ஜனவரி 24, புதன்

ஓரம் சீவி, தேன்மெழுகு தேய்த்து, மரக்கட்டையால் மெருகு ஏற்றியாயிற்று. ஓரம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. ஒரு பைக்கு இத்தனை நாளா? போலீஸ் பேண்டுக்கு நாற்பது பெல்ட் கிடக்கிறது. சொன்னால், "அதையும் போட்டுத் தரேன்க்கா" என்கிறாள். போட்டும் தருகிறாள், குறை சொல்ல வழியில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. நீல ஏர்மெயில் உறை, என் பேருக்கு. நாலு பக்கம். முறையாகத்தான் எழுதியிருக்கிறான், அதில் குறை இல்லை. 'தங்கள் சகோதரியை எனக்கு மணம் முடித்துத் தர வேண்டுகிறேன். எங்கள் ஆட்கள் வேறு, உங்கள் ஆட்கள் வேறு என்று பேசுவார்கள். எனக்கு அது ஒரு பொருட்டில்லை. அவர்கள் இங்கே வந்தால் வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் தைக்க ஆசைப்பட்டால் ஜன்னல் பக்கம் ஒரு மேஜை போட்டிருக்கிறேன்.'

மேஜை போட்டிருக்கிறானாம்! இன்னும் கேட்டு முடிக்கவில்லை, மேஜை போட்டாயிற்று.

கடைசிப் பக்கம் தனித் தாள், அதில் ஸ்போரன் பற்றி இரண்டு வரி மட்டும். சங்கிலியை இரண்டு அங்குலம் நீட்ட வேண்டுமாம்.

எப்சிபா வாசலிலேயே நின்றாள். நீல உறையைப் பார்த்துவிட்டாள், மறைக்க முடியவில்லை.

"அவர் எழுதினதாக்கா?"

"ஆமா. சங்கிலிய ரெண்டு இஞ்ச் நீட்டணுமாம்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா அப்புறம்? பை ஆர்டர் குடுத்தவன் பையப் பத்திதான் எழுதுவான்."

கடைசிப் பக்கத்தை மட்டும் அவள் கையில் கொடுத்தேன். இரண்டு வரியையும் படித்தாள். திருப்பிப் பார்த்தாள், பின்னால் ஒன்றும் இல்லை. "இவ்ளோதானா?" என்றாள். இவ்வளவுதான் என்றேன். போய்ச் சங்கிலிக்கு வளையம் எடுத்தாள்.

நான் பொய் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்தது அவ்வளவுதான்.

பிப்ரவரி 3, சனி

கிளாட்சனுக்குப் பதில் எழுதிப் போட்டுவிட்டேன். 'என் தங்கைக்கு விருப்பம் இல்லை. அவளுக்கு எங்கள் ஜனங்களிலேயே மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் செய்தாகிவிட்டது. ஈஸ்டர் முடிந்து கல்யாணம். பை நல்லபடியாக வந்து சேரும். கர்த்தர் தங்களை ஆசீர்வதிப்பாராக.'

அங்கே குளிர். இவளுக்கு டிசம்பர் மாசத்திலேயே மூக்கு ஒழுகும். அந்த ஊரில் போய்ப் பாஷை தெரியாமல் செத்துப்போவாள். நாளைக்கு அவன் குடித்துவிட்டு அடித்தால் யார் இருக்கிறார்கள்? நான் இருக்கிற வரைக்கும் அவளுக்கு ஒரு குறையும் வராது.

போலீஸ் பெல்ட் நாற்பதையும் எப்சிபா முடித்துவிட்டாள்.

பிப்ரவரி 7, புதன்

"தபால் வந்துச்சாக்கா?"

"இல்ல."

பிப்ரவரி 8, வியாழன்

"தபால் வந்துச்சாக்கா?"

"வந்தா குடுக்கமாட்டனா? இன்னாத்துக்குத் தினமும் தொணதொணன்றே?"

பிப்ரவரி 14, புதன்

போஸ்ட் மாஸ்டர் வரதன் கடை வழியாகப் போகும்போது ஒரு சங்கதி சொன்னார். "உங்க தங்கச்சி நேத்து வந்து வெளிநாட்டுக்குப் போடற லெட்டர் கவர் கேட்டாங்க. நீங்கதான எப்பவும் வாங்குவீங்க, அக்காவக் கேட்டுக்கினு வாம்மான்னு அனுப்பிட்டேன்" என்றார். நல்ல மனுஷன். என்னிடம் கேட்டுக்கொண்டு வா என்று சொன்னாரே, அதுதான் மரியாதை.

எப்சிபாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவனுடைய விலாசம் எழுதிய நோட்டை மேஜையிலிருந்து எடுத்து என் பீரோவில் வைத்தேன். நோட்டு அழுக்காகிறது.

பிப்ரவரி 20, செவ்வாய்

இன்னொரு நீல உறை. இந்தத் தடவை அவள் பேருக்கு. 'உங்கள் அக்காவின் கடிதம் கிடைத்தது. நிச்சயம் ஆனது நீங்கள் மனசோடு சம்மதித்ததுதான் என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதிவிட்டால் நான் மேற்கொண்டு தொந்தரவு செய்ய மாட்டேன்.'

ஒரு வரியாம். அந்த ஒரு வரியில் எத்தனை பேருடைய சோறு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியுமா? யார் தைப்பது? நானா?

அந்தக் கேள்வியை எழுதியிருக்கக் கூடாது. நான் சொல்ல வந்தது குளிரைப் பற்றி.

உறையை முதல் கடிதத்தோடு வைத்துவிட்டேன். நாளையிலிருந்து லெந்து காலம். நாற்பது நாள் கறி கிடையாது.

பிப்ரவரி 26, திங்கள்

ஸ்போரன் மூடியாயிற்று. மூடுவது என்றால் பின்பக்கத் தோலையும் உள்லைனிங்கையும் சேர்த்துக் கடைசித் தையல் போடுவது. அதற்கப்புறம் தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாது, அறுத்தால் உண்டு.

இப்படி ஒரு வேலையை இந்தக் கடையிலிருந்து நான் அனுப்பியதில்லை. பனைமரம் காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. குஞ்சத்தைத் தட்டினால் மூன்றும் சேர்ந்து ஆடுகின்றன. வயிறு எரிந்தது. நல்ல வேலையைப் பார்த்தால் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

பிப்ரவரி 27, செவ்வாய்

முத்திரை அடிக்க எடுத்தபோது பார்த்தேன். பைக்கு உள்ளே, மூலையில், ஒரு அங்குலத்துக்குச் சிவப்பு நூல். மற்ற இடமெல்லாம் காப்பிக் கலர். எங்கள் கடையில் சிவப்பு நூலே கிடையாது. ஏதோ பழைய ஜாக்கெட்டிலிருந்து உருவியிருக்கிறாள். எஞ்சின் பார்க்கிறவன் கண்ணுக்கு அது தப்பாது, இழுத்துப் பார்ப்பான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அமுக்கினால் காகிதச் சத்தம் கேட்டது.

அவள் குளிக்கப் போயிருந்தாள். பிளேடை இடது கையில் பிடித்துச் சிவப்புத் தையலையும் அதன் பக்கத்தில் இரண்டு அங்குலத்தையும் அறுத்தேன். உள்ளே நாலாக மடித்த நோட்டுக் காகிதம். அப்படியே எழுதி வைக்கிறேன்:

'ஐயா, கேட்டு எழுதுவதாகச் சொன்னீர்கள். சங்கிலி நீளம் மட்டும்தான் கேட்டிருந்தீர்கள். அங்கே போய் மனம் மாறியிருந்தால் இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். மாறவில்லை என்றால் எனக்குச் சம்மதம். குளிர் எனக்குப் பழகிவிடும். அக்காவை நான் பார்த்துக்கொள்கிறேன், அவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து தைத்துக் கொடுக்கலாம் என்றால் போதும். இப்படிக்கு எப்சிபா.'

என்னைப் பற்றியும் எழுதியிருக்கிறாள் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை! என்ன தாராளம்!

காகிதத்தை மறுபடி நாலாக மடித்து என் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 28, புதன்

அறுத்ததை அறுத்தாயிற்று, மறுபடி மூட வேண்டும். என்னால் முடியாது. ஊசியைப் பிடித்துப் பார்த்தேன், இரண்டு துளை போவதற்குள் பாதிக் கட்டை விரலில் நிற்காமல் கீழே விழுந்துவிட்டது. வேறு வழி இல்லை. பையைக் கொண்டுபோய் எப்சிபாவின் முன்னால் வைத்தேன்.

"இந்த எடத்துல தையல் கோணிக்கினு போயிருக்கு. செவப்பு நூலு வேற. பாக்கறவன் இன்னா நெனைப்பான்? நான் பிரிச்சுட்டேன். மறுபடி போடு."

அவள் பையைப் பார்த்தாள். அப்புறம் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் அந்தப் பிளவுக்குள் விட்டாள். மூலை வரைக்கும் தடவினாள். அந்தப் பக்கம், இந்தப் பக்கம். விரலை வெளியே எடுத்தாள்.

ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டால் சொல்வதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் பச்சைக் குழந்தையாக இருந்தபோது நான் பட்ட பாடு எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

"எந்த நூலுக்கா?" என்றாள்.

"காப்பிக் கலரு."

கிட்டியை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நூலில் மெழுகு இழுத்தாள். பழைய துளைகளிலேயே, ஒன்றுகூடத் தப்பாமல், மூன்று அங்குலம் தைத்தாள். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கடைசி முடிச்சு போட்டு, நூலை வெட்டி, சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் படிய வைத்து என்னிடம் நீட்டினாள். எந்த இடத்தில் அறுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"நல்லா வந்துச்சு" என்றேன். பாராட்ட வேண்டிய இடத்தில் நான் எப்போதும் பாராட்டுவேன்.

மார்ச் 1, வெள்ளி

பார்சல் போயிற்று. நானே தபாலாபீசில் கொடுத்தேன்.

மார்ச் 11, திங்கள்

தபால் வந்ததா என்று அவள் கேட்பதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

ஏப்ரல் 7, ஞாயிறு

உயிர்த்தெழுந்த திருநாள். பாதிரியார் மனைவி எப்சிபாவைப் பார்த்து, "என்ன இப்படி இளைச்சுட்டே?" என்றாள். லெந்தில் கறி சாப்பிடாததால் என்று நான் சொன்னேன்.

மே 18, சனி

வெயில் நூற்றுப் பத்தைத் தொடுகிறது. இரண்டு கடிதங்களையும் கிழித்துப் போடலாம் என்று பீரோவைத் திறந்தேன். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். அழகான கையெழுத்து. 'ஜன்னல் பக்கம் ஒரு மேஜை போட்டிருக்கிறேன்.' எந்த ஆம்பளையும் எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினேன். கிழிக்க என்ன அவசரம்?

ஜூன் 14, வெள்ளி

இன்றைக்கு ஒரு நீல உறை வந்தது. 'செல்வி சுகிர்தா மற்றும் சகோதரி' என்று இரண்டு பேருக்கும். உள்ளே கெட்டியாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போட்டோ என்று தெரிந்தது. ஒரு ஆண், ஒரு பெண், பெண்ணின் தலையில் வெள்ளை முக்காடு.

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஆறே மாசம்! மேஜை போட்டேன் என்று உருகியவன் ஆறே மாசத்தில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். நான் நினைத்தது எவ்வளவு சரி! இதை எப்சிபா பார்க்க வேண்டும், தன் கையாலேயே பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதனால் இந்தக் கடிதத்தை மட்டும் பிரிக்காமலே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இந்தா, தபால் வந்துக்கீது."

அவள் கையில் இருந்த ஊசிகளைத் தோலில் குத்தி வைத்துவிட்டு, புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். போட்டோவை முதலில் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். கட்டம் போட்ட பாவாடையில் கிளாட்சன், முன்னால் எங்கள் ஸ்போரன், பக்கத்தில் நர்ஸ் மாதிரி ஒரு பெண். எப்சிபா அந்தப் பெண்ணின் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பாத்தியா ஆம்பளைங்க லட்சணத்த? நீதான் தினமும் தபாலு தபாலுன்னு கெடந்தே" என்றேன்.

அவள் கடிதத்தைப் படிக்க ஆரம்பித்தாள். உதடு அசைந்தது. பாதியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அக்கா, எனக்கு எப்பக்கா கல்யாணம் ஆச்சு?"

எனக்குப் புரியவில்லை. கடிதத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். 'ஈஸ்டருக்குப் பிறகு நடந்த தங்கள் சகோதரியின் திருமணம் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். என் இரண்டாவது கடிதத்துக்கு அவர்கள் பதில் எழுதாததையே பதிலாக எடுத்துக்கொண்டேன். தவறாக ஏதும் கேட்டிருந்தால் மன்னிக்கச் சொல்லுங்கள். பை வந்த அன்று அதன் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.'

நான் பிரித்துப் படித்துவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு தபாலைப் பிரிக்காமல் கொடுத்ததில்லை. இந்த ஒன்றைக் கொடுத்தேன்.

கத்தினேன். உன்னை வளர்க்க நான் பட்டது உனக்குத் தெரியுமா, என் வாழ்க்கையை உனக்காகத்தானே தொலைத்தேன், என் விரலைப் பாரு என்று எல்லாம் கத்தினேன். அழுதேன்கூட. அவள் போட்டோவை உறையில் போட்டு, தன் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு வந்து, தோலில் குத்தி வைத்திருந்த ஊசிகளை எடுத்துத் தையலைத் தொடர்ந்தாள். சாயங்காலத்துக்குள் பதினெட்டு பெல்ட்.

ஜூன் 15, சனி

ஓடிப்போவாளோ என்று பயந்தேன். போகவில்லை. போக இனி இடம் எங்கே இருக்கிறது? இட்லி ஊற்றினாள், என் புடவையைத் துவைத்துக் காயப்போட்டாள், இருபது பெல்ட் முடித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாளில் சரியாகிவிடும். சின்ன வயசிலிருந்தே அவளுக்குக் கோபம் நிற்காது.

ஜூன் 16, ஞாயிறு

ஆராதனையிலிருந்து வந்து எப்சிபா மீன் குழம்பு வைத்தாள். நான் தட்டு முன்னால் உட்கார்ந்தேன். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள்.

"அக்கா, நீங்க எப்ப சாவீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

"இன்னாடி கேக்கறே? ஞாயித்துக்கெழமையும் அதுவுமா!"

"இல்லக்கா, ஒரு யோசனை. உங்களுக்கு அம்பத்து மூணு. பெரியம்மா எழுபத்தி ரெண்டுல போனாங்க. நீங்களும் அவ்ளோ நாள் இருந்தா எனக்கு அப்போ அம்பத்தஞ்சு. அம்பத்தஞ்சுல யாரும் கட்டிக்கமாட்டாங்க. ஆனா கண்ணு நல்லாருந்தா ஒரு ரூம் எடுத்துத் தனியா தச்சுப் பொழைக்கலாம். கொஞ்சம் முன்னாடியே போனீங்கன்னா இன்னும் நல்லது. அதான் கேட்டேன்."

சர்க்கரை வியாதிக்கு நான் சாப்பிடுகிற மாத்திரையைத் தினமும் எடுத்துக் கொடுப்பது அவள்தான். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வம்புக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தாள்.

"தெரியல" என்றேன்.

"சரிக்கா" என்று சொல்லி எனக்கு நடுத் துண்டு மீனை எடுத்து வைத்தாள்.